இடக்கைக்கு ஒரு ரைஃபிள்

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்குப் போக விரும்பும் இடக்கைக்காரருக்குக் கடையில் கிடைக்கும் ரைஃபிள்கள் மிகக் குறைவு. சுவர் நிறைய அடுக்கி வைத்திருக்கும் கடையில்கூட, போல்ட்டின், அதாவது தோட்டாவை ஏற்றவும் சுட்ட கூட்டை வெளியேற்றவும் முன்னும் பின்னும் இழுக்கும் தண்டின், கைப்பிடி இடப்பக்கம் அமைந்தவை ஒன்றோ இரண்டோ இருக்கும். அவையும் நாம் கேட்கும் தோட்டா வகைக்கு உரியவையாக இருக்காது. வலக்கை ரைஃபிளை இடத் தோளில் சார்த்திச் சுட்டால், ஒவ்வொரு முறையும் கையை விசையிலிருந்து எடுத்து, ரைஃபிளுக்கு மேலே வளைத்து, எதிர்ப்பக்கத்துப் போல்ட்டை இழுக்க வேண்டும். அதற்குள் கண் ஸ்கோப்பை விட்டு விலகிவிடும். காயம்பட்ட விலங்கு நகர்ந்துவிடும். ரைஃபிளைத் தனியாகச் செய்துகொள்வது என்று நான் முடிவெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். தோட்டாவையும் நானே நிரப்பிக்கொள்வது என்பது அதன் தொடர்ச்சி.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்ற எண்ணம்தான் வரும். அங்கே அது சரியானதும்கூட. கொலராடோவின் நிலை வேறு. அமெரிக்க மாநிலங்களிலேயே எல்க் மான்கள் அதிகம் உள்ள மாநிலம் இது. எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், ஆணா பெண்ணா என்பது வரை உரிமத்தில் குறித்துத் தருகிறார்கள். 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, நீள்குழல் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. வீட்டுக்கு வேண்டிய இறைச்சியை இப்படித் தேடிக்கொள்வதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் அந்த மான் ஒரே குண்டில், தாமதமின்றி விழ வேண்டும். கீழே நான் எழுதும் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கி என்று கணக்கில் வருவது, போல்ட் ஓடும் அந்த எஃகு உடல் மட்டுமே. அதை ஆக்‌ஷன் என்கிறார்கள். குழல், கட்டை, விசை எல்லாம் புத்தகம் வாங்குவதுபோல வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆக்‌ஷன் மட்டும் உரிமம் பெற்ற விற்பனையாளர் கையிலிருந்துதான் வர வேண்டும். 4473 எண் படிவத்தை நிரப்பினேன். குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டில் இருப்பவர் தன் பதிவு எண்ணையும் அதில் எழுத வேண்டும். பின்னணிச் சோதனை முடிந்தாலும் கையில் கொடுக்க மாட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து கொலராடோவில் மூன்று நாள் காத்திருப்பு உண்டு. எச்1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்களுக்குத் துப்பாக்கி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது சட்டம் தரும் விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே உரிமம் முதலில், கடை பிறகு.

நான் தேர்ந்தெடுத்தது ரெமிங்டன் 700இன் அளவுகளைப் பின்பற்றும் ஓர் இடக்கை ஆக்‌ஷன். 1962இல் வந்த அந்த ரைஃபிளின் வடிவம் இன்று ஒரு பொது அளவாகிவிட்டது. கட்டை, விசை, தோட்டாப் பெட்டி என எதை எடுத்தாலும் அதற்குப் பொருந்தும்படி பல நிறுவனங்கள் செய்கின்றன.

தோட்டா 6.5 பிஆர்சி. ஹார்னடி நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்தியது. குண்டின் விட்டம் 0.264 அங்குலம். எல்க் மானுக்கு கொலராடோ கேட்பது குறைந்தது .24 காலிபர் (குழலின் உள்விட்டம்) ரைஃபிள், 85 கிரெயின் எடையுள்ள, பட்டவுடன் விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். 6.5 பிஆர்சி இதையெல்லாம் தாராளமாகத் தாண்டுகிறது. பெரிய மேக்னம் தோட்டாக்கள் இன்னும் வலுவானவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் உதைப்பைத் தோளில் வாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் பயிற்சி செய்ய முடிகிறவர்கள் சிலரே. பயிற்சி குறைந்த கையில் பெரிய தோட்டா இருப்பதைவிட, பழகிய கையில் நடுத்தரத் தோட்டா இருப்பது மேல் என்பது என் திடமான கருத்து.

24 அங்குல எஃகுக் குழலுக்கு ஆர்டர் கொடுத்தேன். குழலுக்குள் வெட்டிய சுழல் வரியான உட்புரி 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீளமான 6.5 மில்லிமீட்டர் குண்டை நிலையாகச் சுழற்ற அது போதும். குழல் வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு நேரே துப்பாக்கிப் பட்டறைக்குப் போனேன்.

கோவையில் கடைசல் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால் லேத் சத்தம் எனக்குப் புதிதல்ல. என்றாலும் இந்தப் பெரியவர் வேலை செய்தவிதம் வேறு ரகம். குழலை லேத்தின் தலைப்பகுதி வழியே செருகி, இரண்டு முனைகளிலும் திருகுகளால் பிடித்து, டயல் இண்டிகேட்டரின் முள்ளைக் குழலின் உட்புரி மீதே தொட வைத்தார். குழலின் வெளிப்புறத்தை வைத்து மையம் பார்ப்பதில்லை. துளை எங்கே இருக்கிறதோ அதுதான் மையம். முள் அசையாமல் நிற்கும்வரை திருகுகளை ஒரு நூலளவு இறுக்கி, எதிர்த்திருகைத் தளர்த்தி, மறுபடி சுற்றிப் பார்த்தார். இதற்கே அரை நாள் போனது. பிறகு மரை வெட்டி, தோட்டா உட்காரும் இடத்தைக் குடையும் கருவியான ரீமரை எண்ணெயில் நனைத்து உள்ளே செலுத்தினார். சிறிது வெட்டியதும் வெளியே இழுத்து, சீவல்களைத் துடைத்து, மறுபடி எண்ணெய். கடைசியில் கோ கேஜைப் போட்டுப் போல்ட்டை மூடினார், மூடியது. நோ-கோ கேஜைப் போட்டார், மூட மறுத்தது. தோட்டா உட்காரும் இடத்தின் ஆழம் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. இந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வெடிக்கப்போகும் பொருள் இது.

கட்டையில் ஆக்‌ஷன் அமரும் குழியில் எப்பாக்ஸி ஊற்றி, இம்மியும் இடைவெளி இல்லாமல் படிய வைத்ததும் அவரே. விசை இரண்டரை பவுண்டு அழுத்தத்துக்கு வைக்கப்பட்டது. ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், டார்க் ரெஞ்சால் இறுக்கிய திருகுகள் பற்றியெல்லாம் எழுத நிறைய ஒன்றும் இல்லை: நல்லதாக வாங்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும்.

இனி தோட்டா. பின்லாந்தின் லாப்புவா பித்தளைக் கூடுகள். நாஸ்லர் அக்யூபாண்ட் 140 கிரெயின் குண்டு. ஹாட்ஜ்டன் எச்1000 வெடிமருந்து. அக்யூபாண்டைவிடக் காற்றை நன்றாகக் கிழித்துச் செல்லும் குண்டுகள் உண்டு. ஆனால் எல்க் மான் 60 கெஜத்தில் மரங்களுக்கிடையே வந்து நிற்கவும் கூடும். அவ்வளவு நெருக்கத்தில், வேகம் குறையாமல் தோள் எலும்பில் பட்டாலும் சிதறிப்போகாத, ஈயமும் செம்பும் ஒட்டிய குண்டுதான் எனக்கு வேண்டும். எச்1000ஐ விற்பது அமெரிக்க நிறுவனம், தயாராவது ஆஸ்திரேலியாவில். வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாது என்பது அதன் சிறப்பு. ஆகஸ்ட் வெயிலில் சோதித்த தோட்டாவைத்தான் அக்டோபர் உறைபனியில் சுடப்போகிறோம்.

எவ்வளவு மருந்து போட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் குழலுக்குப் பாதுகாப்பான அளவு வேறொரு குழலில் ஆபத்தாகலாம். மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் தொடக்க அளவு இருக்கிறது. அங்கிருந்து சிறு படிகளாக ஏற வேண்டும். போல்ட்டைத் தூக்கும்போது பிடிப்பு தெரிந்தாலோ, கூட்டின் அடிப்பகுதியில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் வட்டம் பளபளப்பாகப் பதிந்தாலோ அழுத்தம் எல்லை மீறுகிறது; அங்கேயே நிறுத்திக் கீழிறங்க வேண்டும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. நிரப்பிய ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவேன்.

சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்தும்போது அதைப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். அதிகம் சுருக்கினால் கூடு சீக்கிரம் அற்றுப்போகும். எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. போல்ட்டிலிருந்து ஊசியையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, சுருக்கிய வெற்றுக் கூட்டைச் சேம்பரில் (தோட்டா உட்காரும் இடத்தில்) போட்டுப் போல்ட்டைத் தள்ளுவேன். கைப்பிடி நடுவழியில் நின்றால் இன்னும் கொஞ்சம் சுருக்க வேண்டும். கூட்டைச் சுருக்கும் அச்சான டையைக் கால் சுற்றிலும் குறைவாகத் திருப்பி, மறுபடி பார்ப்பேன். ஓரிடத்தில் கைப்பிடி தன் எடையாலேயே கீழே விழும். அங்கே டையைப் பூட்டிவிடுவேன். அளந்து பார்த்தால் கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பின்னால் போயிருக்கும்.

துல்லியத்தைத் தேடும் கட்டத்தில்தான் நான் பலரோடு மாறுபடுகிறேன். மருந்தைப் பல அளவுகளில் போட்டு, அளவுக்கு மூன்று தோட்டா வீதம் நிரப்பி, எந்த அளவில் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுவே இந்த ரைஃபிளுக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுப்பது பரவலான வழக்கம். நானும் அப்படிச் சுட்டேன்; ஓர் அளவு 0.3 அங்குலக் கொத்தைக் (துளைகள் விழுந்த பரப்பின் அகலம்) காட்டியது, அடுத்தது 0.8. ஆனால் அதே இரண்டு அளவுகளையும் பத்துப் பத்துத் தோட்டாக்களாக நிரப்பிச் சுட்டபோது, 100 கெஜத்தில் இரண்டுமே 0.9 அங்குலத்தை ஒட்டி வந்தன. முதலில் தெரிந்த வித்தியாசம் ரைஃபிளில் இல்லை. மூன்றே தோட்டாக்களின் தற்செயல். சிதறல் ஒன்றுபோலவே இருந்தாலும் பத்துத் தோட்டாக் கொத்து, மூன்று தோட்டாக் கொத்தைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கும். இது எளிய புள்ளியியல். சட்டைப்பையில் வைத்துக் காட்டும் அரை அங்குலக் கொத்துகள் பலவும் இந்தத் தற்செயலின் பிள்ளைகள்தான். அழுத்தத்தில் நிம்மதியாக இருந்த அளவை எடுத்துக்கொண்டு, மேலே தேடுவதை நிறுத்தினேன். வேகம் நொடிக்கு 2,900 அடியை ஒட்டி நின்றது. அதன் சிதறலும் சிறியது.

வேட்டையில் பத்துத் தோட்டாவும் தேவையில்லை, முதல் தோட்டாதான் தேவை. குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் தோட்டா. அதற்காக ஒரே ஒரு தாளை ஒதுக்கினேன். சுடுதளத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தாளைக் கொண்டுபோய் 100 கெஜத்தில் மாட்டி, அன்றைய முதல் தோட்டாவை மட்டும் அதில் சுட்டு, துளைக்குப் பக்கத்தில் தேதியும் வெப்பநிலையும் எழுதிச் சுருட்டி வைத்துவிடுவேன். கோடை முழுக்க, மழை மேகத்தில், முதல் பனியில். அந்தத் தாளில் சேர்ந்த கொத்து ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டியது. சுடுதள மேசையில் கிடைத்த எந்த எண்ணையும்விட அந்தத் தாளைத்தான் நான் நம்புகிறேன்.

மேசையை விட்டு இறங்கினால் கணக்கு மாறுகிறது. முதுகுப்பை மேல் வைத்துப் படுத்துச் சுட்டால் கொத்து இரட்டிப்பாகும். மண்டியிட்டால் இன்னும் விரியும். காற்று இவற்றையெல்லாம் விடப் பெரியது. 400 கெஜத்தில், வேகத்தில் நொடிக்கு 20 அடி வித்தியாசம் குண்டை மேலேயோ கீழேயோ அரை அங்குலம்தான் நகர்த்தும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றோ, மலை உயரத்தின் மெல்லிய காற்றிலும்கூட, ஏறத்தாழ 8 அங்குலம் ஒதுக்கிவிடும். எல்க் மானின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை ஓரடி அகலம்தான். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் காற்று எப்படி வீசுகிறது என்பதை இந்தப் புறத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே தராசில் கிரெயினின் பத்தில் ஒரு பங்குக்கு மெனக்கெட்டதைக் குறைத்துக்கொண்டு, மீதி மாதங்களைப் புல் அசைவையும் கானலையும் பார்த்துக் காற்றைக் கணிக்கப் பழகுவதில் செலவிட்டேன். என் எல்லையை 400 கெஜம் என்று வகுத்தேன், அதுவும் படுத்த நிலையில் மட்டும். ரைஃபிளால் அதற்கு மேலும் முடியும். என்னால் ஒவ்வொரு முறையும் முடியாது.

அக்டோபரில் பிளாட் டாப்ஸ் பகுதியில், பெண் மானுக்கான உரிமத்துடன் ஏறினேன். முதல் மாலையில் எதிர்ச்சரிவில் ஒரு கூட்டம் மேய்ந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் 520 கெஜம் காட்டியது. முகட்டில் காற்று வலுத்திருந்தது. ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மறுநாள் காலை, ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் தனியாக வந்த ஒரு பெண் மானுக்கு 230 கெஜம் தொலைவு. பை மேல் ரைஃபிளைக் கிடத்தி, தோளுக்குப் பின்னே குறிவைத்துச் சுட்டேன். போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும்போதும் கண் ஸ்கோப்பிலேயே இருந்தது. மான் சில எட்டுகள் வைத்து விழுந்ததைப் பார்த்தேன். அதை அறுத்து, பாகம் பாகமாகச் சுமந்து வண்டிக்குக் கொண்டுவர அன்று இருட்டும்வரை ஆனது. குண்டு இரண்டு நுரையீரல்களையும் துளைத்து மறுபுறம் வெளியேறியிருந்தது.

இப்போது பழைய மருந்து டப்பா காலியாகும் நிலையில் இருக்கிறது. புதிதாக வாங்கியதில் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) வேறு. ஒரே பெயருள்ள மருந்தானாலும் லாட் மாறினால் வேகம் மாறும் என்பதால், கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறிவர வேண்டும். சுவரில் புதிய தாள் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன்.