அக்காவின் கழுத்துக் கட்டி

அக்காவின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஜாக்கெட் தைக்கும் அம்மாதான். அளவு எடுத்துக்கொண்டிருந்தவர், "எச்சி முழுங்கும்போது இங்க என்னமோ ஏறி இறங்குதே, பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்கேனில் 2.1 சென்டிமீட்டர். ஊசி டெஸ்ட்டில் பெதஸ்டா 4. பெதஸ்டா என்பது தைராய்டு கட்டியின் செல்லைப் பார்த்து 1 முதல் 6 வரை போடும் தரம்.

பெதஸ்டா 2 என்றால் சாதாக் கட்டி, 6 என்றால் புற்றுநோய், நடுவில் இருக்கும் 4 தான் இதுவா அதுவா என்று தெரியாமல் ஆளைக் குழப்பியே கொல்லும். பாதி தைராய்டை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அத்தானுக்குக் கோபம். "செல்லையே எடுத்துப் பாத்தாச்சு, இன்னும் தெரியலன்னா ஊசி எதுக்குப் போட்டாங்க?"

பயாப்ஸி லேபில் ஸ்லைடு போடுகிறவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில். வளர்ந்த ஆளின் தைராய்டு செல் சரியான சோம்பேறி, மிச்ச ஆயுள் முழுக்க சுமார் 5 தடவைதான் ஒன்று இரண்டாகப் பிரியும். ராஸ் மாதிரி ஒரு மரபணு கெட்டுப்போய் 'பிரி, பிரி' என்ற சிக்னல் நிற்காமல் போனால் கட்டி வருகிறது. ஆனால் அடினோமா என்கிற சாதாக் கட்டியிலும் ஃபாலிகுலர் என்கிற தைராய்டு புற்றுநோயிலும் செல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை வைத்தும் எது எது என்று சொல்லிவிட முடியாது. கட்டியைச் சுற்றி இருக்கும் மெல்லிய உறையை செல்கள் துளைத்திருக்கின்றனவா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா, அதுதான் கேள்வி. ஊசி உள்ளே போய் கொஞ்சம் செல்லை உறிஞ்சிக்கொண்டு வரும், உறை அதில் வராது.

(எல்லாத் தைராய்டு புற்றுநோயும் மெதுவானது என்று நினைத்துவிட வேண்டாம். அனபிளாஸ்டிக் என்று ஒன்று உண்டு, சில வாரங்களிலேயே மூச்சுக்குழாயை அமுக்கிவிடும். கேஐ-67 சாயம் போட்டால் பிரிந்துகொண்டிருக்கும் செல் பழுப்பாகத் தெரியும். அந்த ஸ்லைடில் எங்கே பார்த்தாலும் பழுப்பு, பாப்பிலரி என்கிற சாதாரண தைராய்டு புற்றுநோய் வகையில் தேடித்தான் எண்ண வேண்டும்.)

ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட் வர 9 நாள். உறையை ஒரு இடம் விடாமல் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் தாமதம். முடிவு: நிஃப்ட்பி என்கிற வகைக் கட்டி. செல்லின் கரு பாப்பிலரி புற்றுநோய் போலவே வெளிறி, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது, ஆனால் ஒரு செல்கூட உறையைத் தாண்டவில்லை. 2016 வரை இதற்கும் புற்றுநோய் என்றுதான் பெயர். அந்த வருடம் வெளியான ஆய்வுக்காக 7 நாடுகளைச் சேர்ந்த 24 நோயியல் நிபுணர்கள் பழைய கேஸ்களை எடுத்துப் பார்த்தார்கள். 10 வருடத்துக்கு மேல் கவனிக்கப்பட்ட 109 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை, பெயரிலிருந்து அந்த வார்த்தையையே தூக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் எத்தனை பேர் மீதித் தைராய்டையும் எடுத்துக்கொண்டு, மிச்ச செல்லை அழிக்கும் ரேடியோ அயோடினும் (கதிரியக்க மருந்து) குடித்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

நேற்று இன்சூரன்ஸ் ஃபாரத்தை வைத்துக்கொண்டு அத்தான் போன் செய்தார். "புற்றுநோய்: ஆம், இல்லைன்னு ரெண்டே கட்டம்தான்டா இருக்கு." இரண்டிலும் டிக் அடிக்காமல் ரிப்போர்ட் ஜெராக்ஸைப் பின் பண்ணி அனுப்பியிருக்கிறார்.