பச்சை விளக்கை நம்பி மூன்று மாதம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சமுதாயக் கூடத்தில் ஜனவரியில் தீ எச்சரிக்கை பொருத்தினோம். ஏப்ரல் வரை அதன் பேனலில், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டியில், பச்சை விளக்கு ஒரு நாள்கூட மாறவில்லை. அந்த மூன்று மாதமும் பொருள் வைப்பறைக்குப் போகும் கம்பி அறுந்துதான் கிடந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். எலி கடித்த தடம் அப்படியே இருந்தது. அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஜமக்காளங்களும் கூரை முட்ட அடுக்கியிருக்கிறோம்.

திருட்டு அலாரம் ஏற்கெனவே இருந்தது. மைக் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் களவு போன பிறகு வைத்தது. அதன் பேனலில் கம்பிகளை இணைக்கும் எட்டுப் பிரிவுகளில் நான்கு காலியாக இருந்தன. கூடம், சமையலறை, வைப்பறை, சிறு நூலகம் என்று ஒரே தளக் கட்டடம் என்பதால் அதே பேனலில் தீயை உணரும் டிடெக்டர்களையும் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். மாடிகளோடு கூடிய பெரிய மண்டபம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அதற்குத் தனித் தீ பேனல்தான் சரி.

முதல் இடி கடவுச்சொல். திருட்டுப் பிரிவு நாம் அலாரத்தை அணைத்தால் தூங்கிவிடும். தீப் பிரிவு, கூடத்தில் ஆட்கள் இருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு அதை 24 மணி நேரப் பிரிவாக மாற்ற வேண்டும். மாற்றுவதற்கான கடவுச்சொல், பேனலைப் பொருத்திய நிறுவனத்திடம் இருந்தது. "பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால்தான் தருவோம்" என்றார்கள். பணம் கொடுத்து வாங்கியது எங்கள் பேனல்! ஐந்து வாரம் அலைந்து, கடைசியில் பழைய ரசீதை நகலெடுத்து, சங்கத்தின் முத்திரையோடு கடிதம் கொடுத்த பிறகே வாங்கினோம். புதிதாக அலாரம் வைப்பவர்கள் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அந்தக் கடவுச்சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் தவறு. சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் ஆறு புகை டிடெக்டர் வாங்கி வந்தேன். அவை தீ பேனலுக்கான 24 வோல்ட், இரண்டு கம்பி வகை. எங்கள் திருட்டு அலாரத்தின் பேனல் தருவது 12 வோல்ட். அதற்கு நான்கு கம்பி வகை வேண்டும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். ஒரு நாள் விடுப்பும் பணமும் போயின.

மற்றபடி பொருத்தும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. சமையலறையில் மட்டும் புகைக்குப் பதில் வெப்ப டிடெக்டர். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாளிப்புக்கும் சைரன் அலறும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. செயல்விளக்கம் காட்ட வந்திருந்த தீயணைப்பு வீரர்களில் மூத்தவர் ஒருவர் பேனலைப் பார்த்துவிட்டு, "ஒரு டிடெக்டரைக் கழற்றுங்கள் சார், என்ன காட்டுகிறது பார்ப்போம்" என்றார். கழற்றினோம். பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கம்பியின் கடைசி டிடெக்டரில் ஒரு சிறிய ரெசிஸ்டர் (மின்தடை) இருக்க வேண்டும். அது வழியாக எப்போதும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்; கம்பி அறுந்தால் ஓட்டம் நின்று பேனல் பழுது காட்டும். எங்களுக்குப் பொருத்தியவர் வேலை மிச்சம் என்று அந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டார். வெளியே கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேனலுக்கு எல்லாம் நலமே. வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து அதைக் கடைசி முனைக்கு மாற்றி, கம்பியை உலோகக் குழாய்க்குள் இழுத்தோம். இப்போது எந்த டிடெக்டரைக் கழற்றினாலும் பேனல் கத்துகிறது. அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டபோது பொருளாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதே வேகத்தில் எல்லாவற்றையும் சோதித்தோம். ஆபத்தின்போது ஐந்து பேருக்குப் போன் செய்ய வேண்டிய கருவி வாயே திறக்கவில்லை. உள்ளே இருந்த சிம் கார்டுக்கு ரீசார்ஜ் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

மே மாதத்தில் ஒரு கணபதி ஹோமம். புகை கிளம்பினால் சைரன் அடிக்கும் என்று பயந்து யாரோ ஏணி போட்டு இரண்டு டிடெக்டர்களுக்குப் பாலித்தீன் பை கட்டியிருக்கிறார்கள். பதினோரு நாள் கழித்து, விளக்கு மாற்ற ஏறிய பையன்தான் பார்த்துச் சொன்னான். அதற்கிடையில் அங்கே ஒரு காதுகுத்து விழாவே நடந்து முடிந்திருந்தது. இப்போது டிடெக்டர்களை மூடுவதற்கான மூடிகள் அலுவலகத்தில் எண் போட்டு இருக்கின்றன. கையெழுத்திட்டு வாங்க வேண்டும், மூடியிருக்கும் நேரம் முழுக்கக் காவலாளி கூடத்திலேயே நிற்க வேண்டும், மூடிகள் திரும்பி வந்தால்தான் கூடத்துக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

கடைசியாகப் பின்கதவு. திருட்டுப் பயத்தில் அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நான்தான் வீட்டில் வைத்திருந்தேன். மாலையில் முப்பது பிள்ளைகள் உள்ளே டியூஷன் படிக்கிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனதை டிவியில் பார்த்து அழுதவன் நான். அந்தப் பூட்டை எப்படி என் கையால் போட்டேன் என்று நினைத்தால் இப்போதும் உடல் பதறுகிறது. பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ் போட்டோம். வெளியிலிருந்து திறக்க முடியாது. கதவு அசைந்தால் தெரிவிக்கும் காந்த ஸ்விட்சைத் திருட்டு அலாரத்தின் காலிப் பிரிவில் இணைத்தோம். போன சனிக்கிழமை சைரனை அடிக்கவிட்டுப் பார்த்தோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டு கையாலும் தள்ளினாள். கதவு திறந்தது.