வெபரைக் கழற்றி லூகாஸுக்குத் திரும்பினேன்: டிஆர்6 இன்ஜெக்‌ஷன், பதினான்காம் மாதம்

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு என் 1971 டிரையம்ஃப் டிஆர்6, சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிய பிறகும், நிமிடத்துக்கு 800 சுற்றில் அசையாமல் ஓடியது. டாக்கோமீட்டர் முள்ளைப் பார்த்தபடி பத்து நிமிடம் கராஜிலேயே நின்றேன். பதினான்கு மாத உழைப்புக்குக் கிடைத்த கூலி அது.

காரை வாங்கும்போது அதில் இன்ஜெக்‌ஷன் இல்லை. முன்பு வைத்திருந்தவர், பெட்ரோலை இயந்திர முறையில் அளந்து பீய்ச்சும் லூகாஸ் அமைப்பைக் கழற்றி இரண்டு அட்டைப்பெட்டிகளில் போட்டுவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் மூன்று வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்களைப் பொருத்தியிருந்தார். 3,000 சுற்றுக்கு மேல் வெபர் எழுப்பும் ஒலிக்கு ஈடு கிடையாது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஊருக்குள் ஓட்டும்போது தும்மிக்கொண்டே இருந்தது, கேலனுக்குப் பதினேழு மைல்தான் கொடுத்தது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு கோடை முழுவதும் போனது.

எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போட்டுவிடு என்று பலர் சொன்னார்கள். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சாரும் ஒரு கணினியும் இருந்தால் குளிரோ வெயிலோ கவலை இல்லை. நன்றாகவே ஓடும், சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த முதல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967-இன் டிஆர்5. அதன் நேர் வாரிசு இது. அதே 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன். புகை விதிகளின் காரணமாக அமெரிக்காவுக்கு இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களோடு அனுப்பிய கார்கள் 105-ஐ ஒட்டித்தான் நின்றன. ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல், சுழலும் ரோட்டரையும் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு ஷட்டிலையும் வைத்து ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதை அட்டைப்பெட்டியில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் போல நானும் முதலில், பெட்ரோலை அளந்து கொடுக்கும் அந்த மீட்டரிங் யூனிட்டைத்தான் சந்தேகப்பட்டேன். நானூறு பவுண்டுக்கு மேல் கொடுத்துப் புதுப்பித்து வாங்கினேன். பொருத்தினேன். பிளக்குகள் ஆறும் முன்போலவே கரி பிடித்தன. இரண்டு வாரம் தூக்கம் கெட்டது.

கார்புரேட்டரில் பழகிய கை இங்கேதான் ஏமாறுகிறது. கார்புரேட்டர் காரில் எங்கேயாவது காற்று கசிந்து உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறையும். லூகாஸில் நேர்மாறு. மீட்டரிங் யூனிட் பார்ப்பது காற்று என்ஜினுக்குள் போகும் மேனிஃபோல்டின் வேக்குவத்தை, அதாவது வெற்றிட இழுப்பை மட்டும்தான். கசிவால் வேக்குவம் குறைந்தால், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். ஆகவே கரி பிடித்த பிளக்கைக் கண்டதும் பெட்ரோல் பக்கம் ஓடக் கூடாது. காற்று எங்கே நுழைகிறது என்று தேட வேண்டும். இதை எனக்கு யாராவது முதல் மாதமே சொல்லியிருந்தால்!

காற்று நுழைந்த இடம், காற்றுவழியைத் திறந்து மூடும் தகடுகளைத் தாங்கும் த்ராட்டில் ஸ்பிண்டில்கள். ஐம்பது ஆண்டுகள் சுழன்று, அலுமினிய உடலில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஸ்பிண்டில் முனையைப் பிடித்து ஆட்டினால் விரலுக்கே தெரிந்தது. முதலில் வரவழைத்த ஸ்பிண்டில்களின் உறையில் ‘ஓவர்சைஸ்’ என்று அச்சிட்டிருந்தது. மைக்ரோமீட்டரில் வைத்தால் என் பழைய ஸ்பிண்டிலைவிட மெலிந்திருந்தன. திருப்பி அனுப்பி, பணத்துக்காக ஆறு வாரம் மின்னஞ்சல் எழுதினேன். அளவு பார்க்காமல் விற்பவர்களால்தான் நல்ல அமைப்புகளுக்குக் கெட்ட பெயர் வருகிறது. கடைசியில் கவென்ட்ரியில் ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர், தன் சொந்த லேத்தில் மூன்று ஸ்பிண்டில்களைக் கடைந்து, துளைகளையும் ரீமர் போட்டுச் சரிசெய்து கொடுத்தார். இந்தக் கார் உருவான கேன்லி ஆலை இருந்த ஊர் அது. அவர் கொடுத்த ஸ்பிண்டிலை எண்ணெய் தடவி நுழைத்தபோது, தன் எடையிலேயே மெல்ல இறங்கிப் போய் நின்றது.

அந்தத் தகடுகளை, அதாவது பட்டர்ஃபிளைகளைப் பொருத்துவதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிறு ஆனது. திருகுகளைப் பாதி மட்டும் முறுக்கி, த்ராட்டிலைப் பத்துப் பன்னிரண்டு முறை படாரென்று மூடவிட வேண்டும். தகடு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பிறகு விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் தெரியும் வெளிச்சம் தலைமுடி அளவில், சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் பிறை போலத் தடித்துத் தெரிந்தால் மீண்டும் தளர்த்த வேண்டியதுதான். நான்காவது தகட்டை ஒன்பது முறை தளர்த்தினேன். மூன்று ஜோடிகளையும் 1,500 சுற்றில் காற்றுமானி வைத்துச் சமன் செய்தபோது, ஆறு குழாய்களிலும் ஒரே அளவு காட்டியது.

அப்படியும் ஓட்டத்தில் ஒரு தள்ளாட்டம் மிச்சமிருந்தது. அன்று இரவு சென்னையில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே என்ஜினைக் கேட்க வைத்தேன். டிரையம்ஃபோடு உறவுள்ள சென்னை நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை இருபது ஆண்டுகள் தன் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டியவர் அவர். “அஞ்சுதான்டா ஓடுது. ஒண்ணு சும்மா சுத்துது,” என்றார்.

பேசிய கையோடு ஒவ்வொரு இன்ஜெக்டராகத் தேடினேன். கடைசியில் இருந்த ஆறாவதுதான். மேனிஃபோல்டிலிருந்து உருவி, முனையை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு, இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு என் மனைவியை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். முதலில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. குழாயில் அடைபட்டிருந்த காற்று குமிழ்குமிழாக வெளியேறியது. இருபது நொடி கழித்து ‘ர்ர்ர்’ என்று ஒரு ரீங்காரம். புட்டிக்குள் பனிப்புகை போல ஒரு கூம்பு விரிந்தது. அந்தக் கூம்பைக் கண்ணால் பார்க்காத யாரும் லூகாஸைக் குறை சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி.

பம்பில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். பின்பக்க டிக்கியில் இருந்த பழைய லூகாஸ் பம்ப், வைப்பர் மோட்டாரின் வழியில் வந்தது. கோடை நெரிசலில் சூடேறினால் பெட்ரோல் அதற்குள்ளேயே ஆவியாகிவிடும். உறைந்த பட்டாணிப் பையை அதன்மேல் வைத்து வீடு சேர்ந்த கதைகள் இங்கே ஏராளம். அதனால் பாஷ் பம்ப் போட்டேன். பெட்ரோலை அதனால் மேலே இழுக்க முடியாது, தள்ளத்தான் தெரியும். டேங்குக்குக் கீழே வைக்க வேண்டும். அழுத்தம் 105 பிஎஸ்ஐ-யில் நிற்கிறது. ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றிவிட்டேன். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல், பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது, பழைய ரப்பர் அதைத் தாங்காது.

இன்னும் முழுச் சுமையில் கலவையைச் சோதிக்கவில்லை. அடுத்த மாதம் ரோலிங் ரோடில், அதாவது காரை உருளைகளின் மேல் ஓடவிட்டுச் சோதிக்கும் மேடையில் ஏற்றப் போகிறேன். டேங்கில் கால்வாசிக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் பம்புக்குக் காற்று போகிறது. அதற்கு ஒரு ஸ்வர்ல் பாட், அதாவது பம்புக்கு எப்போதும் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு கலம் செய்ய வேண்டும். டர்னர் ஐயாவிடம் வரைபடம் கொடுத்திருக்கிறேன். என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் மூன்றாம் கியரில் தாமதமாக விழுகிறது, அதையும் பிரிக்க வேண்டும். மூன்று வெபர்களையும் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். விற்றால் ஓவர்டிரைவ் செலவுக்கு ஆகும். ரோலிங் ரோடு முடிந்த பிறகுதான் விலை சொல்வேன்.