பிஎஸ்6 லாரியும் லெவல் டெஸ்டும்: டர்போவுக்குப் பின்னால் உள்ளதைப் படிப்பது எப்படி?

ஐடிஐயில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு லாரி சர்வீஸ் சென்டரில் சேரும் பையன்கள் கொஞ்ச காலத்தில் டெக்னீஷியன் லெவல் டெஸ்ட் எழுத வேண்டி வரும். எஞ்சினைப் பிரித்து மாட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். டர்போவுக்குப் பின்னால் வரும், புகையைச் சுத்தம் செய்யும் பகுதி (ஆஃப்டர் ட்ரீட்மென்ட்) என்றதும் தயக்கம் வந்துவிடும். நாகர்கோவிலில் வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தேர்வை எழுதித் தேறியவன் நான். அதனால் "அண்ணே, ஆஃப்டர் ட்ரீட்மென்ட்ல என்ன படிக்கணும்?" என்று இப்போதும் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எழுதியதில் எழுத்துத் தேர்வு, கோளாறு வைத்த வண்டியில் செய்முறை, கடைசியில் வைவா என்று மூன்று பகுதி இருந்தது. எழுத்துத் தேர்வுக்குப் பயப்பட வேண்டாம். கேட்பது இப்படிப்பட்டவைதான்: வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதியில் பிஎஸ்6 அமலுக்கு வந்தது 2020 ஏப்ரல் 1, இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் 1. கனரக வண்டிக்கு நாக்ஸ் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள்) வரம்பு பிஎஸ்4-இல் கிலோவாட் மணிக்கு 3.5 கிராம், பிஎஸ்6-இல் 0.46 கிராம். நாக்ஸைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் திரவமான ஆட்ப்ளூவில் யூரியா 32.5 சதவீதம், மீதி தாது நீக்கிய தண்ணீர். அது உறைவது மைனஸ் 11 டிகிரியில். உறைநிலையால் நம்ம ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் கேட்பார்கள். நமக்கு வேண்டிய கணக்கு வேறு. 25 டிகிரிக்குள் வைத்த ஆட்ப்ளூ ஒன்றரை வருடம் தாங்கும்; 35 டிகிரி என்றால் ஆறு மாதம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கேன் கேனாக அடுக்கி வைத்திருக்கும் பெட்ரோல் பங்க் நினைவிருந்தால் இந்த விடை மறக்காது.

அப்புறம் முக்கியமான விஷயம். வண்டி காட்டும் கோளாறு எண்களின் ('கோடு') பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி பட்டியல் மாறும், ஸ்கேனரே எழுத்தில் காட்டிவிடும். அதற்குப் பதிலாக ஒரு தாளில் புகை போகும் பாதையை வரையுங்கள். டர்போ, உள் நாக்ஸ் சென்சார், டிஓசி (புகையை ஆக்சிஜனேற்றும் கேட்டலிஸ்ட்), டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), ஆட்ப்ளூ தெளிக்கும் டோசர், எஸ்சிஆர் (ஆட்ப்ளூவைக் கொண்டு நாக்ஸைக் குறைக்கும் கேட்டலிஸ்ட்), மிச்ச அம்மோனியாவைப் பிடிக்கும் கேட்டலிஸ்ட், வெளி நாக்ஸ் சென்சார். இடையிடையே வெப்ப சென்சார்கள், டிபிஎஃப்பின் இரு பக்கமும் ஹோஸ் போட்ட அழுத்த வித்தியாச சென்சார். மாடலுக்கு ஏற்ப சென்சார் இடம் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது, எவ்வளவு சூடு வேண்டும், எதனால் கெடும் என்று எழுதுங்கள். எந்தக் கோடு வந்தாலும் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் உள்ளவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். கோடு சொல்வது புகார் கொடுத்தவன் பெயரை. குற்றவாளி பெரும்பாலும் மேலே எங்கோ இருப்பான்.

டிபிஎஃப் அடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வைவாவில் தவறாமல் வருவது கரிக்கும் சாம்பலுக்கும் என்ன வித்தியாசம் என்பது. கரி எரியும். வண்டி நல்ல இழுவையில் ஓடும்போது 250 முதல் 400 டிகிரிக்குள் டிஓசி உண்டாக்கும் நைட்ரஜன் டையாக்சைடு அதைத் தானாகவே எரித்துவிடும். அது போதாதபோது டீசலைக் கூடுதலாக விட்டு 600 டிகிரி வரை சூடேற்றி எரிப்பது ஆக்டிவ் ரீஜென்; ரீஜென் என்றால் கரியை எரித்து ஃபில்டரைச் சுத்தமாக்குவது. சாம்பல் எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்களிலிருந்து வருவது. அது எத்தனை ரீஜென் செய்தாலும் போகாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: "சீக்கிரமே அடைக்கிறது, ஏன்?" ஃபில்டர் மட்டமான சரக்கு என்று சொன்னால் அங்கேயே மதிப்பெண் போகும். ஒழுகும் இன்ஜெக்டர், டர்போ சீல் வழியாக வரும் ஆயில், இன்டர்கூலர் ஹோஸ் லீக், அடைத்த ஏர் ஃபில்டர், சாம்பல் அதிகம் தரும் பழைய ரக ஆயில் என்று மேலே ஏறிக்கொண்டே போங்கள்.

இன்னொரு காரணம் ரோடு. என்னை வேலை பழக்கிய ஆசான் ஜாப் கார்டைக் கையில் எடுத்ததும், "மக்கா, வண்டி எந்த ரூட்ல ஓடுதுன்னு டிரைவர்ட்ட முதல்ல கேளு" என்பார். தூத்துக்குடிக்குப் போகும் வண்டி காவல்கிணறு தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறினால், திருநெல்வேலி போவதற்குள் சைலன்சர் நன்றாகச் சூடாகி ரீஜென் முடிந்துவிடும். அதே மாடல் டிப்பர் குவாரியில் ஏற்றிக்கொண்டு தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்தால் சூடே ஏறாது. ரீஜென் பாதியில் இருக்கும்போது டிரைவர் டீ குடிக்க நிறுத்திச் சாவியைத் திருகிவிடுவார். மறுபடி ஆரம்பம், மறுபடி பாதி. சிலர் ரீஜென் தடுக்கும் சுவிட்சை அழுத்தியதையே மறந்து மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். செய்முறைத் தேர்விலும் டிரைவர் இடத்தில் ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். அவரிடம் கேட்காமல் நேரே லேப்டாப்பை மாட்டுகிறவனைத் தேர்வாளர் கவனித்துக் குறித்துக்கொள்வார்.

எனக்கு செய்முறையில் வந்த கோடு எஸ்பிஎன் (எந்த இடம் என்ற எண்) 4364, எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு என்ற எண்) 18: எஸ்சிஆரின் திறன் குறைவு. இதற்கு வெளி நாக்ஸ் சென்சாரை மாற்றுவதுதான் பட்டறைகளில் வழக்கமான கைவைத்தியம். விலையோ அதிகம், மாற்றியும் பல நேரம் கோடு திரும்பி வரும். நான் போன வழி இது. முதலில் கோடு பதிவான நேரத்து விவரங்களைச் சேமித்தேன். அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. அப்புறம் ஆட்ப்ளூ. யூரியா அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே தெரியும் அளவுக் கோடு 32.5 பக்கம் நிற்க வேண்டும். கீழே இறங்கி நின்றால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் கேட்டலிஸ்டைப் பாழாக்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது மேலே எண்ணெய் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் கலந்தால் பம்பின் ரப்பர் பாகங்கள் உப்பிப்போகும்.

ஆட்ப்ளூ சரியாக இருந்தது. அடுத்து இரண்டு நாக்ஸ் சென்சாரையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். இது தேர்வுக்கும் வேலைக்கும் உதவும் சோதனை. புகை 200 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது டோசர் தெளிக்காது. தெளிக்காத நேரத்தில், சென்சார்கள் விழித்த பிறகு, உள்ளே உள்ள அளவும் வெளியே உள்ள அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதே பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். ஒன்றாக இருந்து, சூடான பிறகும் வெளி அளவு இறங்கவில்லை என்றால் சென்சாரை விட்டுவிட்டு டோசரைப் பாருங்கள். வைவாவில் இதன் வால் ஒன்று வரும்: நாக்ஸ் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸ் போலத்தான் தெரியும். ஆகவே ஆட்ப்ளூ அதிகமாகத் தெளித்தாலும் வெளி அளவு ஏறும். குறைவாகத் தெளிக்கிறதா, அதிகமாகவா என்பதை அளவு ஜாடியில் பிடித்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒத்துப்பார்த்தால்தான் தெரியும்.

டோசரைக் கழற்றினால் முனையில் கல் உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். அதிகச் சூட்டில் இறுகிப்போன படிவு கரையாது, ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டினால் முனை போகும். இது ஏன் படிகிறது என்பதில்தான் தேர்வாளர் நின்றார். சாவியை அணைத்த பிறகு பம்பு குழாயிலுள்ள ஆட்ப்ளூவைத் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஓடும். காதை வைத்தால் கேட்கும். அது நிற்பதற்குள் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தால் முனையில் தங்கியது காய்ந்து உப்பாகிவிடும். பேட்டரி இறங்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்யும் டிரைவர்கள்தான் அதிகம். ஆசான் ரூட்டைக் கேட்டது போல நான் இதையும் கேட்பேன்.

எலக்ட்ரிக்கல் பகுதியில் நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு பாடம் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் சேஸ் மேல் வழிந்துகொண்டே இருக்கும். கனெக்டரைப் பிரித்தால் பின் பச்சை பூத்திருக்கும். நாக்ஸ் சென்சாருக்கு நான்கு ஒயர்தான்: சப்ளை, எர்த், பிறகு கம்ப்யூட்டர்கள் தகவல் பரிமாறும் கேன் லைனின் இரண்டு ஒயர்களான கேன் ஹை, கேன் லோ. சப்ளையை மின் லோடு இருக்கும்போது அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு 24 வோல்ட் வருகிறதே என்று திருப்திப்படக் கூடாது. கேன் லைனுக்கு பேட்டரியை அணைத்துவிட்டு ஹைக்கும் லோவுக்கும் இடையே ஓம்ஸ் பார்த்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை. அழுத்த வித்தியாச சென்சார் இன்னும் எளிது. சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஹோஸ் வெடிப்பையும் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு அப்புறம் சென்சார் பக்கம் போங்கள். ஆறிய சைலன்சர் வாயில் விரல் விட்டுப் பார்க்கவும் வெட்கப்பட வேண்டாம். பிஎஸ்6 வண்டியில் விரல் கருத்தால் டிபிஎஃப் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜென் செய்முறையில் வந்தால், ஸ்கேனரில் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். காய்ந்த புல், தார்ப்பாய், ஆயில் துணி எதுவும் சைலன்சர் வாய் பக்கம் இருக்கக் கூடாது. ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. இதை விட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் தோற்றவர்கள் உண்டு. வைவாவில், ஆட்ப்ளூ தெளிப்பதாக வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர் கருவி பற்றியும் கேட்பார்கள். ஆட்ப்ளூ செலவை மிச்சப்படுத்த அதை மாட்டச் சொல்லி வண்டிக்காரர் கெஞ்சுவார், பவர் குறைந்து நிற்கும் வண்டியைக் காட்டி வாடகை போகிறதே என்பார். மாட்டுவது சட்டவிரோதம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கோளாறை எவ்வளவு நேரத்தில் சரிசெய்ய முடியும் என்ற கணக்குக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஜாப் கார்டு. இதற்கும் மதிப்பெண் உண்டு, பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். "டோசர் சுத்தம் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். புகார், காரணம், செய்த வேலை மூன்றையும் எழுதி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த நாக்ஸ் அளவையும் போடுங்கள். நான் அதன் கீழே, "பம்பு நின்ற பிறகே மெயின் சுவிட்சை அணைக்கும்படி டிரைவரிடம் சொல்லப்பட்டது" என்று சேர்த்திருந்தேன். தேர்வாளர் அதன் கீழ் கோடு போட்டுவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்.