ஆமா போட ஆள் வேண்டும்

இரண்டு வருடமாக என் பக்கத்து மேசைக்காரர் என்னிடம் பேசியது 'மொய்' என்ற ஒரு வார்த்தைதான். பின்லாந்தில் வணக்கம் என்றால் அதுதான். அந்த மனிதர் போன கோடையில், ஹெல்சிங்கியில் 1998 முதல் நடக்கும் துஸ்கா என்ற மெட்டல் இசைத் திருவிழாவில், கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார். கிடாரும் டிரம்ஸும் இடித்த இடியில் நெஞ்சு அதிர்ந்தது. ஊடே ஒரு வயலின்.

என்ன பாட்டு என்று கேட்டதுதான் தாமதம், பேச ஆரம்பித்துவிட்டார். காட்டுத் தெய்வம் தாப்பியோ, நீர்த் தெய்வம் அஹ்தி. 1551-இல், பின்னாளில் பிஷப் ஆன மிக்கேல் அக்ரிகோலா, பைபிளின் சங்கீதப் புத்தக மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மக்கள் இவற்றையெல்லாம் கும்பிட்டார்கள் என்று கண்டித்துப் பட்டியல் போட்டார். இன்று அதே பெயர்களைக் கருப்புச் சட்டைப் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். எலியாஸ் லோன்ரோட் என்ற டாக்டர் கரேலியாப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கேட்டு, 1835-இல் 'கலேவலா' என்ற காவியமாகத் தொகுத்தார். 1849-இல் அது 22,795 வரிகளாக வளர்ந்தது. 1994-இல் அமோர்ஃபிஸ் குழு அதை வைத்தே ஒரு முழு ஆல்பம் போட்டது.

அந்தக் காவியத்தின் நாயகனைப் பற்றி, 'வகா வன்ஹா வைனாமோய்னென்' என்று ஒரு வரி சொன்னார். மோனை! எனக்குப் புல்லரித்தது. அந்தக் காலத்தில் ஒருவர் ஒரு வரி பாட, இன்னொருவர் அதையே திருப்பிப் பாடுவாராம். அட, எங்கள் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் செய்வதும் அதுதானே!

"உங்கள் ஊர்த் தெய்வத்துக்கு எப்படிப் பாடுவீர்கள்?" என்று கேட்டார். சுடலைமாடன் கதையை எடுத்தேன். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. சுருக்கென்றது. நாகர்கோவில் பக்கம் பிறந்தவன் நான். கோயில் கொடைக்குக் கொடை, வில்லுப்பாட்டுக் குடத்தின் 'தொம் தொம்' கேட்டு வளர்ந்தவன். விவரம் தெரிந்த வயதில், வில் கட்டும் நேரம் பார்த்து மெல்லிசைக் கச்சேரிக்குப் போய்விட்டேன். முன்வரிசையில் நாலு கிழவிகள் மட்டும் இருந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மற்றபடி இந்த ஊர் பழகிவிட்டது. மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், சானா என்ற வெப்ப அறையில் அரைமணி நேரம் உட்காருகிறேன். ஆனால் டிராமில் காதில் அந்த வயலின் ஏறியதும், திருநீறும் பந்தமும் எரிந்த எண்ணெயும் மணக்கின்றன. சாமி வந்த பெரியப்பாவின் சலங்கை கேட்கிறது.

போன ஞாயிறு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து, கதையை முதலிலிருந்து பாடச் சொன்னேன். எண்பது வயது. இருமிவிட்டுத் தொடங்கினார். வெளியே பனி கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாலு வரி பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"என்னடே, ஆமா போட மாட்டியா?"