எந்த அரமேயத்துக்கு எந்த அகராதி?

ஆதியாகமத்தின் ஜலப்பிரளய அதிகாரங்களைப் பழைய அரமேய மொழிபெயர்ப்புகளில் ஒப்பிட்டு வாசிக்க இறங்கியபோது, கேட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொன்ன பெயர் ஒன்றுதான்: மார்க்கஸ் ஜாஸ்ட்ரோ. அவருடைய அகராதி 1903இல் நிறைவுபெற்றது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தார்கும் (வேதத்தின் யூத அரமேய மொழிபெயர்ப்பு), யூதச் சட்ட விவாதத் தொகுப்புகளான இரண்டு தல்மூதுகள், வேத விளக்க நூல்களான மித்ராஷ் அனைத்தையும் ஒரு மனிதர் ஒரே நூலில் அடக்கியிருப்பதை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் எபிரேயமும் அரமேயமும் அதில் கலந்தே நிற்கும். அரமேயத்துக்குள்ளும் இது எந்த வட்டாரம், எந்தக் காலம் என்ற பிரிவினை தெளிவாக இராது.

ஆதியாகமம் 6:8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் கர்த்தருடைய 'கண்களில்' நோவாவுக்குக் கிருபை கிடைக்கிறது. தார்கும்களில் ஒன்றான ஒங்கெலோஸோ, அவன் கர்த்தருக்கு 'முன்பாக' இரக்கம் கண்டடைந்தான் என்கிறது. கண்டடைந்தான் என்பதற்கு அங்கே நிற்கும் சொல் 'அஷ்கஹ்'. முன்னொட்டை நீக்கி வேரைத் தேடினால், எபிரேயத்தில் அதே மூன்று எழுத்துகளுக்கு 'மறத்தல்' என்று பொருள். பெஷித்தா என்னும் வேத மொழிபெயர்ப்பின் சிரியாக்குக்கு (அதுவும் அரமேயத்தின் ஒரு வழக்கு) போனால் அதே வினை 'கண்டடைதல்' என்பதோடு 'இயலுதல்' என்றும் பொருள்படும். ஒரே அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நூல்களையும் படிப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு உறைத்தது இந்த வினையில்தான்.

அதன்பின் நூலை முதலில் முடிவுசெய்தேன்; அகராதியை அதற்கேற்பத் தேடினேன். ஒங்கெலோஸுக்கு எட்வர்ட் குக் 2008இல் வெளியிட்ட சொற்தொகுதி கச்சிதமானது. நெயோஃபிதி என்ற இன்னொரு தார்குமுக்கு மைக்கேல் சொகொலோஃபின் யூதப் பாலஸ்தீன அரமேய அகராதி (1990) இல்லாமல் முடியாது. வத்திக்கான் நூலகத்தில் ஒங்கெலோஸ் என்றே பட்டியலிடப்பட்டுக் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதி, 1956இல்தான் இன்னதென்று உலகத்துக்குத் தெரிந்தது. ஜாஸ்ட்ரோவில் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதேபோல, சொகொலோஃபின் இந்த அகராதியை வாங்கிவிட்டு அதில் ஒங்கெலோஸைத் தேடுவதும் வீண். ஒங்கெலோஸ் இந்த அகராதியின் எல்லைக்கு வெளியே. விலையைப் பார்த்தபின் இந்த விவரம் முக்கியம்.

பெஷித்தாவுக்கு ஜெஸ்ஸி பேய்ன் ஸ்மித்தின் அகராதி (1903). தந்தை லத்தீன் விளக்கங்களோடு தொகுத்த பேரகராதியை மகள் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தது. வேரைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்களும் அகர வரிசையில் தேடலாம். நான் முதலில் வரவழைத்த மலிவான மறுபதிப்பு மங்கலான நகல். சிரியாக் எழுத்தில் தாலத்துக்கும் ரேஷுக்கும் உருவம் ஒன்றே. புள்ளி கீழே இருந்தால் முன்னது, மேலே இருந்தால் பின்னது. அந்தப் புள்ளியே அச்சில் அழிந்திருந்தால் அகராதி எதற்கு? திருப்பி அனுப்பிவிட்டு, பக்கங்களைக் கண்ணால் பார்த்தபிறகே வேறு பிரதி வாங்கினேன். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால், புரோக்கெல்மான் லத்தீன் விளக்கங்களோடு எழுதிய சிரியாக் அகராதியைச் சொகொலோஃப் ஆங்கிலப்படுத்தித் திருத்திய 2009ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. அதை நூலகத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

காசு செலவழிக்கும் முன் சின்சினாட்டி ஹீப்ரு யூனியன் கல்லூரியின் முழுமை அரமேய அகராதித் திட்டத்தை இணையத்தில் திறந்து பாருங்கள். இலவசம். எந்தப் பொருள் எந்த வட்டாரத்தில் வழங்கியது என்று பொருள்தோறும் குறிப்பு உண்டு. தார்கும் வசனத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் இலக்கணமும் வந்துவிடும். நான் தினமும் முதலில் போகும் இடம் அதுதான். ஐயம் தீராதபோதுதான் அச்சு நூல்களைப் புரட்டுகிறேன்.

தானியேல் 2:4 முதல் 7ஆம் அதிகார முடிவு வரையும், எஸ்றாவின் அரமேயப் பகுதிகளும் மட்டும் படிக்கிறவர்கள் இதில் எதையும் வாங்க வேண்டாம். பெரிய எபிரேய அகராதிகளின் கடைசியில் வேத அரமேயத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும், அதுவே போதும்.