“வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?”: ஒரு வாரிசுச் சான்றிதழும் மூன்று பயணங்களும்

அப்பா ஜனவரியில் காலமானார். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்தது மே மாதம். அரசு அலுவலகம் என்றால் அலைக்கழிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நடந்தது அது இல்லை. என்னிடம் கேட்டது எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக இரண்டு முறை சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு இரவு ரயிலில் போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தது, 60 ரூபாய் கட்டியது, இறப்புச் சான்றும் ஆதாரும் ரேஷன் கார்டும் ஸ்கேன் செய்தது எல்லாம் அரை மணி நேர வேலை. ரேஷன் கார்டில் இருந்தபடியே பெயர்களைக் கொடுத்தேன்: அம்மா, அண்ணன், நான், தம்பி.

மார்ச் மாதம் விசாரணைக்காக வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகம் போனேன். சிறிய அறை. மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வி.ஏ.ஓ. காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?”

“அம்மா இருக்காங்க சார். அவங்களால அலைய முடியாது, அதான் நான் வந்தேன்.”

“அது சரி...” என்று கொஞ்சம் நிறுத்தினார். “பெரியவங்களைக் கலந்துக்கிட்டு வாங்க. பார்க்கலாம்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பத்தாறு வயது, பதினோரு வருட வேலை. ஒரு பெண் தனியாக வந்தால் பேச மாட்டார்களா என்று கோபம். அண்ணனுக்கு போன் செய்தேன். “பெரியவங்களைப் பாருன்னா பணத்தைத்தான் சொல்றாரு” என்றான். அதையும் பாதி நம்பினேன். இப்போது நினைத்தால் அந்த மனிதரைப் பற்றி அப்படி எண்ணியதுதான் உறுத்துகிறது.

அடுத்த முறை காரைக்குடியிலிருந்து தாய்மாமாவை அழைத்துக்கொண்டு போனேன். எழுபது வயது, மூட்டுவலி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். அவரைக் கண்டதும் வி.ஏ.ஓ. எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். மழையைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில், “எல்லாம் பேசியாச்சுங்களா?” என்று கேட்டார். மாமாவும், “அதெல்லாம் பேசியாச்சுங்க” என்றார். மாமாவுக்கு என்ன பேசியாக வேண்டும் என்று தெரியாது. எனக்கும் தெரியாது. மரியாதைக்குச் சொன்ன பதில் அது. வேலை முடிந்தது என்று நினைத்து ரயில் ஏறினேன்.

பத்து நாளில் குறுஞ்செய்தி வந்தது: விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது. காரணம் என்ற இடத்தில், ‘முழுமையான விவரங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்’ என்று மட்டும் இருந்தது. யார் சொல்கிறார்கள், எந்த விவரம், எதுவுமே இல்லை. வாயால் பேசும்போது சுற்றி வளைத்தாவது ஒரு குறிப்பு கிடைக்கிறது. அலுவலகத் தமிழில் எழுதும்போது அதுவும் போய்விடுகிறது. இந்த வரிக்காக நான் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை. அதில் இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் ஊர்த் தலையாரி, அதாவது வி.ஏ.ஓ.வின் உதவியாளர். மூன்றாவது முறை போனபோது வி.ஏ.ஓ. கேம்ப் போயிருந்தார். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் தலையாரி வந்து, மெதுவாக, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“உங்க அப்பாயி நல்லாருக்காங்களாம்மா?” அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா.

“நல்லாருக்காங்க. சித்தப்பா வீட்டுலதான் இருக்காங்க.”

“அதத்தாம்மா ஐயா கேட்டாரு.”

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவரே சொன்னார்: “நாலு பேரு நிக்கிறப்ப, ‘அப்பாயி பேரை விட்டுட்டீங்களே’ன்னு கேட்டா என்ன ஆகும்? சொத்துக்காகக் கெழவியை ஒதுக்குறாகன்னு சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். உங்க அப்பா பேரு கெடக் கூடாதுல்ல?”

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே அளவு பங்கு தாய்க்கும் உண்டு. தகப்பன் அந்த வகுப்பில் வர மாட்டார். அப்பாயி சித்தப்பாவின் ரேஷன் கார்டில் இருப்பதால் எங்கள் விண்ணப்பத்தில் விடுபட்டுவிட்டார். தயவுசெய்து ரேஷன் கார்டைப் பார்த்து வாரிசுப் பட்டியல் எழுதாதீர்கள். இறந்தவரின் அம்மா எங்கே இருந்தாலும், யார் வீட்டில் இருந்தாலும், முதலில் அவர் பெயரை எழுதுங்கள்.

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறு ஒன்று. என் வேலையே அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசுவது. எங்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970-களில் சொன்ன பாகுபாடு அதில் வரும். சில சமூகங்களில் சொல்ல வேண்டியது முழுவதும் சொல்லிலேயே இருக்கும்; ஜெர்மானியரை அதற்கு உதாரணம் காட்டுவார்கள். சில சமூகங்களில் பாதிச் செய்தி சொல்லுக்கு வெளியே, யார் யாரிடம் எங்கே பேசுகிறார்கள் என்பதில் இருக்கும். ஜப்பானியர், அரேபியரைப் போல, நம்மைப் போல. ‘நீங்கள் எஸ் என்று சொன்னால் அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், கேட்டுக்கொண்டேன் என்ற பொருளில் சொல்லாதீர்கள்’ என்று எங்களைத் திருத்தினார்கள். நன்றாகவே திருந்திவிட்டேன் போல. பிறந்த ஊரில், என் தாய்மொழியில், என் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றக் கேட்ட ஒரு கேள்வி என் காதில் விழவில்லை.

அப்பாயியின் ஆதார் வாங்குவதிலும் முதலில் அதே தப்பைச் செய்தேன். மரத்தடியில் இருந்தே சித்தப்பாவுக்கு போன் போட்டு, “அப்பாயி ஆதார் வேணும் சித்தப்பா, வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்றேன். “பார்க்கலாம்மா” என்றார். எங்கள் பக்கம் ‘பார்த்துக்கலாம்’ என்றால் கவலைப்படாதே என்று அர்த்தம். ‘பார்க்கலாம்’ என்றால் இப்போதைக்கு இல்லை. இரண்டு எழுத்துதான் வித்தியாசம். இந்த முறை புரிந்தது. ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கே போனேன்.

காகிதத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சித்தி காபி கொடுத்தார். கடலை விலை, தம்பியின் படிப்பு, அப்பாவின் கடைசி நாட்கள் என்று ஒரு மணி நேரம் போனது. சித்தப்பா மெல்ல, “ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?” என்றார். “அப்பாயி பேரு இல்லாம எப்படி எழுதினீங்கன்னு கேக்குறாங்க சித்தப்பா. எங்க தப்புதான். அவங்களுக்கும் சரிபங்கு இருக்கு” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, உள்ளே பார்த்தார். சித்தி எழுந்து போய் ஒரு பழைய மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஆதார் அதற்குள் இருந்தது, இரண்டு ஜெராக்ஸோடு.

அப்பாயி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் அவர் பெயர் வரும் இடத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியாது. விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, “அவன் காயிதத்துல நான் எதுக்குத்தா?” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சித்தி வேண்டாம் என்று தலையசைத்தார்.

புதிதாக விண்ணப்பித்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று கோப்பு எங்கேயும் நிற்கவில்லை. யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. சான்றிதழில் ஐந்து பெயர்கள் வந்தன.

ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். அலுவலகத்தில் ஒரு பதில் பிடிபடவில்லை என்றால் அங்கேயே மேஜை முன்னால் மடக்கிக் கேட்காதீர்கள். கூட்டம் கலையும்வரை இருங்கள். தனியாகப் போய், “எங்க பக்கம் என்ன விட்டுப்போச்சுங்க ஐயா?” என்று கேளுங்கள். குறை நம்முடையது என்று முதலில் வைத்துவிட்டால் அவர்களுக்கும் சொல்ல வழி கிடைக்கிறது.

பட்டா மாற்றத்துக்காக மே கடைசியில் அதே வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். “ஜமாபந்தி முடியட்டும்மா, பார்க்கலாம்” என்றார். வருடா வருடம் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கைதான் ஜமாபந்தி. நான் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, “சென்னையிலேருந்து வரணும் ஐயா. ஜூலை முதல் வாரம் வந்தா உங்களுக்குத் தோதா இருக்குமா?” என்றேன்.

காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். “வியாழக்கிழமை வாங்க. காலையில பத்தரைக்கு இருப்பேன். அப்பாயி ஆதாரையும் எடுத்துக்கிட்டு வந்திருங்க.”

இந்த முறை பெயர் சொல்லியே கேட்டார். அன்று இரவே டிக்கெட் போட்டுவிட்டேன்.